சாப்பாடு இலவசம்தானே, பிறகு எதற்கு இந்தப் போர்ம்?

லண்டனில் என் பிள்ளைகள் படிக்கும் ஆரம்பப் பள்ளியில் இருந்து, இலவச மதிய உணவுக்குப் பதியச் சொல்லி மூன்று தடவை கடிதம் வந்தது. மூன்றையும் பிரிஜ் கதவில் ஒட்டிவிட்டு மறந்துபோனேன். 2024 செப்டம்பர் அது. மூத்தவன் அப்போது இயர் த்ரீ, இளையவள் ரிசெப்ஷன், அதாவது பள்ளியின் முதல் வகுப்பு. ரிசெப்ஷனில் இருந்து இயர் டூ வரை இங்கிலாந்து முழுக்க 2014 முதலே எல்லாப் பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு இலவசம். லண்டனில் அதற்கு மேல் இயர் சிக்ஸ் வரைக்கும் 2023 செப்டம்பரில் இருந்து மேயரின் நிதியில் கொடுக்கிறார்கள். இரண்டு பேரும் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிறகு எதைப் பதிவது?

கூச்சமும் ஒரு காரணம், மறைப்பானேன். கணவருக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்து, வேலை நேரம் பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு கொடுக்கும் யூனிவர்சல் கிரெடிட் உதவிப் பணம் எடுக்கத் தொடங்கியிருந்தோம். அதை ஊரில் அம்மாவுக்கே சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

பள்ளியில் மத்தியானம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிற தமிழ் அக்கா ஒருவர்தான் கேட்டில் வைத்துப் பிடித்தார். "தங்கச்சி, அது சாப்பாட்டுக்கான போர்ம் இல்லை. நீர் நிரப்பினால் பள்ளிக்கூடத்துக்குக் காசு வரும். ஒரு பிள்ளைக்கு ஆயிரத்து ஐந்நூறு பவுண்ஸ் அளவில் வருமாம். அக்டோபர் தொடக்கத்தில பள்ளிப் பிள்ளைகளின் கணக்கெடுப்பு. அதுக்குள்ள போடும்."

அந்தக் காசின் பெயர் பியூபில் பிரீமியம். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்காக 2011இல் தொடங்கிய மேலதிக நிதி. பிள்ளை சாப்பிடுகிறதா என்று அதற்குப் பார்ப்பதில்லை. வருமானத்தின்படி தகுதி என்று பதிவாகி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். எல்லாருக்கும் சாப்பாடு இலவசம் ஆனபிறகு, என்னைப் போன்றவர்கள் படிவத்தைத் தொடுவதே இல்லை. பள்ளிக்கு வரவேண்டிய காசு வராமலே போகிறது. சில கவுன்சில்கள் (உள்ளூராட்சி சபைகள்) தங்களிடம் உள்ள விபரத்தை வைத்துத் தாங்களே பதிந்துவிடுகின்றன. எங்கள் கவுன்சில் அப்படிச் செய்யவில்லை.

அப்போது எங்களுக்கான வரம்பு இதுதான்: யூனிவர்சல் கிரெடிட் எடுக்கும் குடும்பத்தின் சம்பளம், பிடித்தம் எல்லாம் போக, வருஷத்துக்கு 7,400 பவுண்ஸைத் தாண்டக் கூடாது. கிரெடிட்டாக வரும் காசு இந்தக் கணக்கில் சேராது. மாதத்துக்குப் பிரித்தால் 616 பவுண்ஸும் சில்லறையும். கணவர் அப்போது எடுத்தது 560. அரச உதவி கிடையாது என்ற நிபந்தனையோடு விசா உள்ள குடும்பங்களுக்கும் தனி வரம்பு உண்டு. அப்படியானவர்கள் பள்ளி அலுவலகத்திலேயே கேட்பது நல்லது. இன்னொன்று, வீட்டில் தமிழ் பேசுவதால், பிள்ளைக்கு இங்கிலிஷ் குறைவு என்பதால் இந்தக் காசு வருகிறது என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். மொழிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு ராத்திரி பிள்ளைகள் படுத்தபிறகு போனில் நிரப்பினேன். பெயர், பிறந்த தேதி, வேலைக்கும் அரச உதவிக்கும் அரசு ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர், அவ்வளவுதான். சம்பளத் துண்டு கூடக் கேட்கவில்லை. அழுத்தினேன். "உங்கள் தகுதியை உறுதிப்படுத்த முடியவில்லை" என்று வந்தது. மானத்தை விட்டு நிரப்பியதற்கு இதுவா பலன் என்று போனை வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் கவுன்சிலுக்கு அடித்தால் நாற்பது நிமிடம் பாட்டுத்தான். கடைசியில் எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டாள்: "உங்கள் கடைசிப் பெயர் எது?" இங்கேதான் சிக்கல். பள்ளிப் பதிவில் நான் கணவரின் பெயரைக் கடைசிப் பெயராகக் கொடுத்திருந்தேன். படிவத்திலும் அதையே போட்டேன். நேஷனல் இன்சூரன்ஸில் இருப்பதோ அப்பாவின் பெயர். கம்ப்யூட்டர் கடைசிப் பெயரையும் பிறந்த தேதியையும் நம்பரையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது; ஒன்று பொருந்தாவிட்டால் அப்படி ஆளே இல்லை என்கிறது. அப்பாவின் பெயரைப் போட்டேன். ஒரு நிமிடத்தில் சரி வந்துவிட்டது. அக்டோபர் 3 கணக்கெடுப்பு. எனக்கு ஆறு நாள் மிச்சம் இருந்தது.

நவம்பரில் பெற்றோர் சந்திப்பு. என் பிள்ளைகளின் காசில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று மூத்தவனின் ரீச்சரிடம் நேராகவே கேட்டேன். அவர் சிரிக்காமல் பதில் சொன்னதற்கு இப்போதும் நன்றி. காசு அடுத்த ஏப்ரலில் இருந்துதான் வருமாம். அதுவும் பிள்ளையின் பெயரில் ஒதுக்கி வைக்கும் காசு இல்லையாம். பள்ளி மொத்தமாக எடுத்து, தேவை உள்ள இடத்தில் செலவழிக்கலாம். அதைச் செலவழிக்கும் திட்டத்தை ஒவ்வொரு பள்ளியும் டிசம்பர் 31க்குள் தன் இணையதளத்தில் போட்டாக வேண்டும் என்றும் சொன்னார்.

அந்தத் திட்டத்தைத் தேடி எடுத்து வாசித்தேன். முதலில் கோபம்தான் வந்தது. பெரிய பங்கு ஆசிரியர் பயிற்சிக்கும் உதவியாளர் சம்பளத்துக்கும் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் சிறு குழுப் பாடங்கள், காலை உணவு கிளப், வராத பிள்ளைகளின் வீட்டுக்கு போன் எடுப்பது, பள்ளிச் சுற்றுலாப் பயணக் கட்டணத்தில் கழிவு (தள்ளுபடி) எல்லாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது பயன் தரும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம் எனக்குப் பிடித்தது.

ஜனவரியில் இளையவளைப் பேச்சுக் குழு ஒன்றில் சேர்த்தார்கள். இருபது வாரம்; வாரத்தில் மூன்று நாள் சிறு குழுவாக, இரண்டு தடவை தனியாக. ஒரு நாள் வந்து குளியலறையில் நின்று, "அம்மா, ஃப்ளோர் ஸ்லிப்பரியா இருக்கு, கவனம்" என்றாள். அதுவரை எதுவானாலும் "வெட்" என்றுதான் சொல்லுவாள்.

அந்த ராத்திரிதான் கணக்குப் பார்த்தேன். என் படிவத்துக்கான காசு ஏப்ரலில் இருந்துதான் வரும், தலைக்கு 1,515 பவுண்ஸ். குழு தொடங்கியதோ ஜனவரியில். அதாவது மகள் உட்கார்ந்திருந்த கதிரைக்கு, முந்திய வருஷம் வேறு யாரோ ஒரு தாய் படிவம் நிரப்பியிருக்கிறாள்.

ஒரு குறை இருந்தது. பயணக் கட்டணக் கழிவைக் கேட்டால்தான் தருகிறார்கள். அதுவும் அலுவலக ஜன்னலில், வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி. தலைமை ஆசிரியைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அடுத்த பயணக் கடிதத்திலேயே, கழிவு போனபிறகு நான் கட்ட வேண்டிய தொகை அச்சாகி வந்தது.

இப்போது கணவருக்கு முழுநேர வேலை. வரம்பைத் தாண்டிவிட்டோம். ஆனால் ஒரு தடவை தகுதி பெற்ற பிள்ளை, ஆறு வருஷத்துக்கு இந்த நிதிக்கான கணக்கில் நிற்கும். இயர் சிக்ஸில் ஐந்து நாள் முகாம் போகும்போதும் கழிவு உண்டு என்று அலுவலகத்தில் சொன்னார்கள். மூத்தவன் இன்னும் இயர் ஃபோர்தான். அங்கே சோறு இருக்குமா என்று இப்போதே கேட்கிறான்.