சைடு பிளேட்

செப்டம்பர் 8, 2024

பிள்ளை பேசினான். ராணுவத்தில், ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வாரில் இருக்கிறான். நாளை மலை ஏறுகிறார்களாம். எத்தனை நாள் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. “சைடு பிளேட் போடுவியா?” என்று மட்டும் கேட்டேன், குண்டு துளைக்காத ஜாக்கெட்டின் விலாத் தகட்டை. “பார்க்கலாம்பா.”

செப்டம்பர் 9

அந்தப் ‘பார்க்கலாம்பா’ மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. மார்பு, முதுகு, இரண்டு விலா என்று எல்லா பிளேட்டும் போட்டால் ஜாக்கெட் மட்டும் 10 கிலோவுக்கு மேல். அப்புறம் ரைஃபிள், தண்ணீர், ராஷன். நிரப்பிய ஏகே மேகசின் ஒவ்வொன்றும் 800 கிராம் வரும். விலா பிளேட்டைக் கழற்றிவிட்டு மேகசினைக் கூட்டலாமே என்றுதான் எவனுக்கும் தோன்றும்.

செப்டம்பர் 11

நான் ராணுவத்தில் இருந்தபோது, காஷ்மீரின் குப்வாராவில் எங்களுக்குப் பட்கா, தலையில் கட்டும் குண்டுக் காப்பு. நெற்றியிலும் பின்மண்டையிலும் இரும்பு, உச்சிக்கு ஒன்றுமில்லை. இரண்டரை கிலோ. ஏற்றத்தில் வியர்வை ஊறி, இரும்பு அழுத்திய சிவப்புக் கோடு ராத்திரி வரை நெற்றியில் நிற்கும். ஆனாலும் அதைத்தான் கேட்டு வாங்குவோம். ஹெல்மெட்டோடு குப்புறப் படுத்தால் ஜாக்கெட் காலர் பின்னாலிருந்து தள்ளும், விளிம்பு கண்ணை மறைக்கும், குறி பார்க்க முடியாது.

வீடு புகுந்து தேடும்போது கழுத்து வரை எல்லாவற்றையும் மாட்டுவோம். கதவுக்குப் பின்னால் நிற்பவனிடமிருந்து எங்கே ஓடுவது? காடு அப்படியில்லை. மூச்சிரைத்துக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தவனுக்குக் கை நடுங்கும். சுட ஆரம்பித்தால் சட்டென்று பாறைக்குப் பின்னால் விழ உடம்பு வராது.

செப்டம்பர் 13

கிஷ்த்வார், சாட்ரூ. மோதலில் நம் ஆட்கள் இரண்டு பேர்.

செப்டம்பர் 14

பெயர்கள் வந்துவிட்டன. நம் பிள்ளை இல்லை. வேறு இரண்டு வீடுகளில் இன்று அடுப்பு எரியாது. அவன் அம்மா சரோஜாவும் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 16

தூக்கம் இல்லை. இராக்கில் விலாவில் குண்டு பாய்ந்து ஆட்கள் செத்த பிறகுதான் அமெரிக்கர்கள் சைடு பிளேட்டை எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஆப்கானிஸ்தான் மலையில் அதே படைக்குக் கனம் தாங்கவில்லை. 2009-ல் இலேசான பிளேட் கேரியருக்கு மாறினார்கள். அத்தனை பணம் இருந்தும் மலை கேட்டதைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் 18

கிஷ்த்வாரில் இன்று ஓட்டுப்பதிவு. போன் இல்லை.

செப்டம்பர் 21

பேசினான்! குரல் கட்டியிருக்கிறது. முதல் நாள் சைடு பிளேட் போட்டானாம், அப்புறம் கழற்றி பேக்கில் வைத்தானாம். எனக்குச் சுருக்கென்று கோபம். பேக்கில் கிடந்தால் கனமும் குறையாது, காப்பும் கிடையாது. “ஏறும்போது பேக்கில் இருக்கும்பா. ராத்திரி ஆம்புஷ்ல பதுங்கி உட்காரும்போது எடுத்து மாட்டிக்குவேன். நடக்கும்போது விலா விரியணும், இல்லேன்னா மூச்சு முட்டுது” என்றான். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவனே கண்டுபிடித்த வழி. அதற்குமேல் நான் பேசவில்லை.

செப்டம்பர் 26

பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவும் டெல்லி ஐஐடியும் சேர்ந்து ‘அபேத்’ என்று புது ஜாக்கெட் செய்திருக்கிறார்களாம். போரான் கார்பைடு பீங்கான், 8.2 கிலோவும் 9.5 கிலோவும், சுற்றிவரப் பாதுகாப்பு. சரோஜா பேப்பரை இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். கம்பெனிகள் தயாரித்து, சோதித்து, யூனிட் ஸ்டோருக்கு வந்து சேர்வதற்குள் நம் பிள்ளையின் ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் பணிக்காலமே முடிந்துவிடும். அதை அவளிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 28

மறுபடி ஏறுகிறார்கள். ஓடை உள்ள பக்கமாக இருந்தால் ஒரு பாட்டில் தண்ணீரைக் குறைத்துக்கொள், அந்தக் கனத்தை விலாவுக்குக் கொடு என்றேன். “சரிப்பா” என்றான். செய்வானா, தெரியாது. செய்வான் என்றுதான் சரோஜாவிடம் சொல்லியிருக்கிறேன்.