தோல் குத்துச் சோதனையில் தடித்தாலே அலர்ஜி என்று அர்த்தம் இல்லை

இந்தச் சோதனையில் சந்தேகப்படும் பொருளின் சாற்றைத் தோலில் ஒரு துளி வைத்து லேசாகக் குத்துவார்கள்; ஒப்பிட்டுப் பார்க்க உப்புநீரையும், ஹிஸ்டமினையும் அதேபோல் வைப்பார்கள். 15–20 நிமிடம் கழித்துப் பார்க்கும்போது, உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாகத் தடித்திருந்தால், அந்தப் பொருளுக்கு எதிரான ஐஜிஇ (IgE) என்ற எதிர்ப்பொருள் உடலில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். சாப்பிட்டால் ஒவ்வாமை வருமா என்பது வேறு கேள்வி. சாப்பிட்டு எந்தத் தொந்தரவும் வராத குழந்தைக்கு, இந்தத் தடிப்பை மட்டும் பார்த்துப் பாலையும் முட்டையையும் நிறுத்துவது அநியாயம்.

யாருக்கும் தடிக்க வேண்டிய ஹிஸ்டமின் வைத்த இடமும் தடிக்கவில்லையா? அந்த முடிவை நம்பாதீர்கள். பெரும்பாலும் செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைதான் காரணம். மருத்துவரைக் கேட்டு ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.

உணவு ஒவ்வாமையை உறுதிசெய்ய ஆய்வுகளில் நம்பும் சோதனை வேறு: உணவைக் கொடுத்துப் பார்ப்பது. கொடுப்பது அந்த உணவா, போலியா என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. சில மில்லிகிராம் புரதத்தில் தொடங்கி, 20–30 நிமிட இடைவெளியில் அளவைக் கூட்டுவார்கள், கடும் ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு. இதை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது.