பத்தடிக்கு மூன்றே முக்கால்

கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், ராஜகிரி என்று டெல்டாவில் எங்கே புதுப் பள்ளிவாசல் எழுந்தாலும் பிளானில் முதலில் ஏறுவது குவிமாடம்தான். பிறகு பக்கத்துக்கு ஒரு மனாரா, அதாவது பள்ளிக் கோபுரம். இரண்டும் முடிந்தபின் மிச்சமிருக்கும் இடத்தில் தொழுகிற கூடத்தைப் பொருத்துகிறார்கள். என்னைக் கேட்டால் கணக்கு தலைகீழாகப் போகிறது.

மதீனாவில் நபிகளார் கட்டிய பள்ளியில் குவிமாடமும் இல்லை, மனாராவும் இல்லை. பேரீச்ச மரத்தண்டுதான் தூண், மேலே ஓலைக்கூரை. மக்கா திசைச் சுவரில் வரும் குழிவான மாடம், மிஹ்ராப்கூட 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கலீஃபா வலீத் காலத்தில் அந்தப் பள்ளியை எடுத்துக் கட்டியபோது வந்தது. எல்லாரும் படத்தில் பார்த்திருக்கும் ஜெருசலேம் பாறைக் குவிமாடம் (691–692) ஒரு நினைவு மண்டபம். ஜமாஅத்தாக, கூட்டமாகத் தொழுவதற்கென்று கட்டிய கூடமல்ல. தூண் வரிசை, தட்டைக்கூரை, திசை காட்டும் ஒரு சுவர்: தொடக்கம் இவ்வளவுதான். அந்த வகையில் பார்த்தால் நம் கடற்கரையின் பழைய கல்பள்ளிகள், காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இன்றும் நிற்பவை, சிமெண்டு குவிமாடத்தைவிட மதீனாவுக்குக் கிட்டத்தில் இருக்கின்றன. தூண் சதுரமாக எழுந்து, எட்டுப்பட்டையாகி, மறுபடி சதுரமாகிறது. மேலே உத்தரத்தைத் தாங்கும் போதிகை. கோயில் மண்டபத்தில் உருவம் வரும் இடத்தில் இங்கே பூவும் கொடியும். உளி பிடித்த கை ஒரே மரபுக் கைதான்.

கல்தூண் கூடத்தில் கவனிக்க வேண்டியது இடைவெளி. கருங்கல் எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், வளைந்தால் தாங்காது. உத்தரம் எட்டு, பத்து அடியைத் தாண்டினால் அடிப்பக்கம் விரிசல் விடும். ஒரு சஃப்புக்கு, அதாவது தொழுகை வரிசைக்கு, ருகூவும் (குனிதல்) சஜ்தாவும் (நெற்றியைத் தரையில் வைத்தல்) இடிபடாமல் இருக்க, நான்கு அடி வேண்டும். ஆகவே கிப்லாப் பக்கமாக, அதாவது மக்காவை நோக்கிய திசையில், தூணுக்குத் தூண் எட்டடி வைத்தால் இரண்டு சஃப் சரியாக அடங்கும்; தூண் எப்போதும் சஃப்புகளுக்கு இடையிலுள்ள கோட்டில் விழும். ஒன்பதடி வைத்தால் ஒவ்வொரு வரிசையிலும் வேறு வேறு இடத்தில் தூண் குறுக்கே வந்து சஃப்பை அறுக்கும். கான்கிரீட்டில் இருபதடி கொடுத்தாலும் விதி இதேதான்: நான்கின் மடங்கு.

தொழுகைக்கு முன் கைகால் கழுவும் தொட்டியான ஹவுளுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. ஹனஃபி, ஷாஃபி என்ற இரண்டு சட்ட மரபுக்கும் அது வேறு. ஹனஃபி வழக்கில் பத்து முழச் சதுரம், அதாவது சுமார் பதினைந்தடி. ஷாஃபியில் குல்லத்தைன், அதாவது இரண்டு குல்லா அளவு நீர் போதும். ஒன்றேகால் முழத்துக்கு நீளம், அகலம், ஆழம் உள்ள தொட்டி. கரையோர ஊர்களில் ஷாஃபியும் உள்ளே ராவுத்தர் ஊர்களில் ஹனஃபியும் அதிகம் என்பதால் ஹவுள் அளவும் ஊருக்கு ஊர் மாறும்.

இனி திசை. நாகூரிலிருந்து மக்கா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து வடக்கே சுமார் 20.6 பாகை சாய்ந்திருக்கிறது. திருச்சியில் 21க்குக் கிட்டே. கொத்தனார் கணக்கில் சொன்னால், மேற்கே பத்தடி அளந்து, அங்கிருந்து மூலைமட்டம் வைத்து வடக்கே மூன்றே முக்கால் அடி போய், தொடங்கிய முளைக்கு நூல் கட்டினால் அதுதான் கிப்லா. பத்தடி போதாது, முப்பதடிக்குப் பதினொன்றேகால் என்று இழுத்தால் பிழை குறையும். தட்டையான உலகப் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் 15 பாகைதான் வரும். பூமி உருண்டை, மிகக்குறுகிய வழி வடக்கே வளைந்து போகிறது. அந்த ஐந்தரை பாகைப் பிழை அங்கிருந்து வருவது.

மேற்கைக் கண்டுபிடிக்க பழைய வழியே நல்ல வழி. மட்டமான தரையில் ஒன்றரை அடிக் குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். காலையில் நிழல்நுனி வட்டத்தைத் தொடும் புள்ளி, மாலையில் மறுபடி தொடும் புள்ளி, இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. நம் சிற்ப நூல்களின் சங்குமுறை இது; சங்கு என்பது அந்த நிழல்குச்சி. அரபு வானியலாளர்களும் இந்திய வட்டம் என்றே பெயர் சொல்லி எடுத்துக்கொண்டார்கள்.

இன்னும் எளிய வழி உண்டு. மே 27, 28 தேதிகளில் நம் நேரம் மதியம் 2:48க்கும், ஜூலை 15, 16இல் 2:57க்கும் சூரியன் மக்காவுக்கு நேர் உச்சியில் நிற்கும். ஆறடி உயரத்திலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிடுங்கள். மேல்காற்றில் ஆடும், அதனால் குண்டை வாளித் தண்ணீருக்குள் இறக்குங்கள். ஐந்தடி நிழல் விழும். நிழலிலிருந்து சூரியனை நோக்கிய பக்கம் கிப்லா. ஐந்து நிமிடம் பிசகினாலும் மூன்றில் ஒரு பாகைகூட மாறாது. இதை விட்டுவிட்டு, கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தின் மேல் நின்று செல்போன் காம்பஸ் பார்ப்பவர்கள்தான் அதிகம். காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் இங்கே இரண்டு பாகைகூட வித்தியாசமில்லை. கம்பி எவ்வளவு இழுக்கும் என்பதற்குத்தான் கணக்கே கிடையாது.

நேர் மேற்காகக் கட்டிய பழைய கூடத்தைத் திருத்தும்போது சிக்கல். சஃப் கோடு சாயும்; தெற்குமுனை மேற்குச் சுவரைத் தொடும், வடக்குமுனை விலகும். கூடம் தென்வடலாக நாற்பதடி என்றால் வடமேற்கு மூலையில் பதினைந்தடி விலகி, முந்நூறு சதுரஅடி முக்கோணம் வீணாகும். தென்கிழக்கிலும் அதே. தூணும் சஃப்பும் இனி ஒத்துப்போகாது. சாய்வு 45 பாகைக்குள் இருந்தால் ஹனஃபி சட்டப்படி தொழுகை கூடும் என்பதால், பழைய கல்கூடத்தை இடிக்கும் முன் மார்க்கம் கற்ற ஆலிமிடம் கேட்டுவிடுவது நல்லது. ஸ்பெயினில் கோர்டோபாவின் பெரிய பள்ளி (785) மக்கா திசையிலிருந்து ஐம்பது பாகை அளவுக்கு விலகித் தெற்கே பார்க்கிறது, நூற்றாண்டுக்கணக்கில் தொழுதார்கள்.

மனாரா வேண்டுமென்றால் நாகூரைப் பாருங்கள். தர்காவின் ஐந்தில் உயரமானது 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் (1739–1763) கட்டியது. சதுர அடித்தளம், மாடிமாடியாக ஏறும் உடம்பு. சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828–1830இல் எழுந்த நாகூர் தர்கா இதைப் பார்த்துச் செய்தது.

அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரை மேல் சிமெண்டு பூசுவதுதான் கடலோரத்தில் நடக்கும் பெரிய தப்பு. சுவருக்குள் உப்பு ஈரம் ஏறும். காரை மூச்சுவிட்டு அதை வெளியே தள்ளும், சிமெண்டு அடைக்கும். உப்பு உள்ளேயே பூத்து, செங்கல்லோடு பெயர்த்துக்கொண்டு விழும். எமல்ஷன் பெயிண்டும் அதே வேலையைச் செய்யும். சிமெண்டை முழுக்கச் சுரண்டி எடுத்து, இரண்டு மூன்று வாரமாவது ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் அரைத்துப் பூச வேண்டும். கடல்மணல் கூடாது. ஈரச் சாக்குப் போர்த்தி இரண்டு வாரம் காயவிடாமல் வைக்க வேண்டும். வேலையைத் தை பிறந்தபின் தொடங்குங்கள். ஐப்பசி கார்த்திகையில் சுவர் நனைந்தே கிடக்கும், சுண்ணாம்புக்கு இறுகக் காற்று கிடைக்காது.