ஐரோலி கழிக்கரைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியது ஓத நேரம்

தாணே கழியில் பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்கக் கிளம்புகிற மும்பைக்காரர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிடுகிறார்கள். அப்புறம் ரயில் நேரம், கடைசியாகப் படகு. இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும். தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று பார்த்த பிறகுதான் படகு, படகு நேரம் தெரிந்த பிறகுதான் நாளும் ரயிலும். இதைச் செய்யாமல் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான் கிடக்கும், படகு துறையை விட்டு நகராது. இல்லையென்றால் கழி நிறைய தண்ணீர் இருக்கும், ஒரு பறவையும் இருக்காது.

மும்பைக்கும் நவி மும்பைக்கும் இடையே வடக்கு தெற்காகக் கிடக்கிறது இந்தக் கழி. ஐரோலி பாலத்துக்கும் வாஷி பாலத்துக்கும் நடுவில் அதன் மேற்குக் கரையை ஒட்டிய சுமார் 17 சதுர கிலோமீட்டர் பரப்பு 2015இல் பூநாரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதில் பாதிக்குச் சற்று மேல் அலையாத்திக் காடு, மீதி நீர்ப்பரப்பு. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் 2022இல் சேர்ந்தது. பார்வையாளர்களுக்கான வாசல் எதிர்க்கரையில், ஐரோலியில் இருக்கிறது. வனத்துறையின் அலையாத்திப் பிரிவு நடத்தும் கடலோரப் பல்லுயிர் மையம் அது. சின்ன இடம்தான். ஒரு காட்சிக்கூடம், அலையாத்திகளுக்கு நடுவே ஒரு நடைபாதை, ஒரு படகுத்துறை. ஆனால் அரை நாளை முழுதாக நிரப்பிவிடும்.

இனி ஓதக் கணக்கு, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் கணக்கு. இங்கே ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்று. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் முக்கால் மணிக்கும் மேல் தள்ளிப்போகும். போன ஞாயிறு நண்பர் போன நேரம் இந்த ஞாயிறு உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மும்பையில் உச்ச ஏற்றம் நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் வரும். அப்போது ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் நாலு மீட்டரை நெருங்கும், சில நாள் தாண்டவும் செய்யும். அஷ்டமி, நவமி வாக்கில் உச்சம் காலை ஆறு, மாலை ஆறு என்று ஒதுங்கிவிடும், ஏற்றமும் குறைவு. எனவே வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ்த் தினசரி நாட்காட்டியே பாதி வேலையைச் செய்துவிடும். ஏகாதசி முதல் திரயோதசி வரையான நாட்களைப் பாருங்கள். வளர்பிறையா தேய்பிறையா என்பது முக்கியமில்லை. அந்த நாட்களில் உச்சம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரைக்குள் விழும், நீர்மட்டமும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வரும். இது தோராயம்தான். நாளை முடிவு செய்ததும் மும்பைத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையில் சரியான மணியைப் பாருங்கள். அட்டவணை தென் மும்பையின் அப்பல்லோ பந்தருக்கானது, கழியின் உள்ளே தண்ணீர் வந்து சேர அதற்கும் மேல் கொஞ்சம் நேரமாகும். ஃபோனில் படகு பதியும்போது, "அன்றைக்கு பர்த்தி எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் ஏற்ற நேரத்தைச் சரியாகச் சொல்வார்கள். வற்றுக்கு அவர்கள் சொல்வது ஓஹோட்டி.

நேரத்தை இவ்வளவு துல்லியமாகப் பார்ப்பதற்குக் காரணம் பறவையின் சாப்பாடு. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தண்ணீருக்குள் தலைகீழாக வைத்து, சேற்று நீரை வடிகட்டிச் சாப்பிடுகிறது. அதற்குக் கால் முட்டளவு நீரும் மெல்லிய சேறும் வேண்டும். நன்றாக வற்றிய நேரத்தில் சேற்றுத்திட்டு கிலோமீட்டர் கணக்கில் விரிந்துவிடும், பறவைகளும் அதில் சிதறிவிடும். படகும் போகாது. தண்ணீர் ஏற ஏற திட்டு சுருங்கும், கூட்டம் கரையோரம் நெருங்கும். உச்சத்தில் திட்டு முழுதும் மூழ்கியதும் எழுந்து நெரூல், சீவுட்ஸ் பக்கத்து நீர்நிலைகளுக்குப் பறந்துவிடும். ஆக, படகு மிதக்கவும் வேண்டும், திட்டும் கொஞ்சம் தெரிய வேண்டும். அந்த இடைவெளி உச்சத்துக்கு முந்தைய ஒன்றரை இரண்டு மணி நேரம். உச்சத்துக்குப் பிறகும் அதே அளவு நேரம் கிடைக்கும் என்றாலும் முன்னதைத்தான் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏறுகிற தண்ணீரில் படகு தரைதட்டினால் பத்து நிமிடத்தில் தானே மிதந்துவிடும். இறங்குகிற தண்ணீரில் தட்டினால் அடுத்த ஏற்றம் வரும்வரை மணிக்கணக்கில் வெயிலில் உட்கார வேண்டியதுதான். இறங்கி நடந்து வந்துவிடலாம் என்று நினைக்கவே கூடாது. அந்தச் சேறு இடுப்பளவு உள்வாங்கும். படகோட்டி, "போதும், திரும்பலாம்" என்றால் மறுபேச்சுப் பேசாதீர்கள்.

காலை நேரத்தை வலியுறுத்த இன்னொரு காரணம் வெளிச்சம். பறவைகள் பெரும்பாலும் மேற்குக் கரையோரம், பாண்டுப் பக்கத்துத் திட்டுகளில் நிற்கும். படகிலிருந்து மேற்கே பார்க்கும்போது காலைச் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், இளஞ்சிவப்பு அப்படியே துலங்கும். மாலையில் போனால் சூரியன் பறவைக்குப் பின்னால், எல்லாமே கரிய நிழல். கேமரா கொண்டுபோகிறவர்கள் 400 மில்லிமீட்டர் லென்ஸாவது எடுத்துக்கொள்ளுங்கள், படகு ஆடுவதால் ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைய வேண்டாம். முக்காலி உதவாது. வெறும் கண்ணோடு போகிறவர்கள் 8x42 தொலைநோக்கி ஒன்றை இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள். ஃபோன் கேமராவில் இளஞ்சிவப்புக் கோடு ஒன்று மட்டுமே கிடைக்கும்.

படகு முதலில் இருபுறமும் அலையாத்தி சூழ்ந்த ஒடுங்கிய வாய்க்கால் வழியாகப் போய், பிறகு அகன்ற கழிக்குள் திரும்பும். போய்வர சுமார் ஒரு மணி நேரம். அந்த வாய்க்காலை வீணாக்காதீர்கள். எல்லாரும் பூநாரைக்காகக் காத்திருந்து அரட்டையடிக்கும் நேரம் அதுதான், மீன்கொத்தியும் கொக்கும் மிக அருகில் கிடைப்பதும் அங்கேதான். அகன்ற நீரில் இரண்டு வகைப் பூநாரைகள். பெரும்பான்மை சிறு பூநாரை. குள்ளம், அலகு முழுதும் கருஞ்சிவப்பு, தூரத்தில் கறுப்பாகவே தெரியும். பெரும் பூநாரை உயரம், உடல் வெளிறியது, அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. சாம்பல் நிறத்தில் நிற்பவை வேறு இனமில்லை, இன்னும் நிறமேறாத இளசுகள். நிறம் பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறமியிலிருந்து வருவது. நகரத்துக் கழிவுநீர் கொண்டுவந்து கொட்டும் சத்தில் பாசி பெருகியதால்தான் 1990களிலிருந்து இவ்வளவு பறவைகள் இங்கே இறங்கின என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். மூக்கைப் பிடிக்க வைக்கும் அந்த நீர்தான் அவற்றுக்குச் சோறு போடுகிறது. அதே நீரில் ஆலைக் கழிவும் கலந்துகொண்டிருப்பதால் இந்த வளம் எத்தனை நாளைக்கு என்ற கவலையும் கூடவே வருகிறது. நல்ல பருவத்தில் எண்ணிக்கை லட்சத்தையும் தாண்டியிருக்கிறது. பூநாரைக்கு இடையில் கருவால் மூக்கன், கோணமூக்கு உள்ளான், வெள்ளை அரிவாள் மூக்கன், பழுப்புத்தலைக் கடற்காகம் எல்லாம் நிற்கும். வழிகாட்டியிடம் கேட்டால்தான் சொல்வார், கேளுங்கள்.

மாதம் என்றால் நவம்பரிலிருந்து மே வரை. நவம்பரில் கூட்டம் சேரத் தொடங்கியிருக்கும், அவ்வளவுதான். பிப்ரவரி, மார்ச் இரண்டும் சிறந்தவை. ஏப்ரலுக்குப் பிறகு பறவை இருக்கும், வெயில் நம்மை உட்காரவிடாது. மழைக்காலத்தில் படகு கிடையாது.

நடைபாதைக்கு நேர் எதிர்க் கணக்கு. தண்ணீர் நிறைந்திருக்கும்போது அதில் நடந்தால் மரத்தின் தலைகள் மட்டும்தான். படகு முடிந்ததும் காட்சிக்கூடத்தில் ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டு, தண்ணீர் வடியத் தொடங்கியதும் மரப்பலகைப் பாதைக்கு வாருங்கள். சேறு வெளியே வந்தவுடன் வளைகளிலிருந்து நண்டுகள் கிளம்பும். ஒரே ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருப்பவை ஆண் நண்டுகள், அதை ஆட்டித்தான் பெண்ணை அழைக்கும். சேற்றின் மேல் துள்ளிப்போவது தவளை இல்லை, சேற்றுத்துள்ளி மீன். அசையாமல் ஐந்து நிமிடம் நின்றால்தான் இவை தெரியும். காலடி அதிர்வு போதும், எல்லாம் வளைக்குள்.

இங்கே மிகுதியாக இருக்கும் மரம் வெண்கண்டல். இலையின் அடிப்பக்கம் வெளிறியிருக்கும், உப்பை இலை வழியாகவே வெளியேற்றும். காய்ந்த நாளில் இலை மேல் உப்புத்துகள் படிந்திருப்பதைப் பார்க்கலாம். மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் நீளத்துக்கு நூற்றுக்கணக்கில் குத்திட்டு நிற்பவை மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. பாதையை விட்டு இறங்கி அவற்றை மிதிப்பவர்கள் மரத்தின் மூக்கை மிதிக்கிறார்கள். ஓரங்களில் முள் இலையும் ஊதாப்பூவுமாகக் கழுதைமுள்ளி. தில்லை மரமும் இந்தக் கழியில் உண்டு, சிதம்பரத்துக்குப் பெயர் தந்த அதே தில்லை. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் பெரும் ஆபத்து. குழந்தைகள் இலையைக் கிள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துடுப்புப் போட நினைத்து வருகிறவர்களுக்கு இது இடமில்லை. மையத்தில் இருப்பது மோட்டார் படகு. தானாக ஒரு கயாக் கொண்டுவந்து இறக்குவது சரணாலயத்தில் கூடாது, செய்யவும் வேண்டாம். உச்சத்துக்கும் வற்றுக்கும் நடுவில் ஓட்டம் வேகமாக இருக்கும், எதிர்த்துத் துடுப்புப் போட்டு மாளாது, ஒதுங்க உறுதியான கரையும் கிடையாது. அலையாத்திக்குள் துடுப்புப் படகு வேண்டுமென்றால் இதே மாநிலத்தில் வெங்குர்லாவின் மாண்டவிக் கழியில் ஸ்வாமினி என்ற பெண்கள் சுய உதவிக் குழு நடத்துகிறது. ஊருக்குப் போகும்போது என்றால் பிச்சாவரம் இருக்கவே இருக்கிறது.

தூண்டிலும் அப்படியே. பார்வையாளர் மீன்பிடிக்க இங்கே அனுமதி இல்லை. வலை போடுவது திவா கோலிவாடா போன்ற கரையோரக் கோலிக் குடும்பங்கள், அது அவர்கள் வழிவழித் தொழில். ஏறும் நீரோடும் இறங்கும் நீரோடும் மீன் நகரும் பாதையில் வலையைக் கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். மடவை, கெளுத்தி, இறால், சேற்று நண்டு கிடைக்கும். கட்டிய வலைக்கு அருகில் படகைக் கொண்டுபோகச் சொல்லி படகோட்டியை வற்புறுத்தாதீர்கள். மோட்டார் விசிறியில் வலை சிக்கினால் அவர்களுக்கு ஒரு நாள் பிழைப்பு போகும். தூண்டில் ஆசை தீராதவர்களுக்கு நகருக்குள் பொவாய் ஏரி உண்டு. அங்கே மகாராஷ்டிரா ஸ்டேட் ஆங்லிங் அசோசியேஷனிடம் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போக வேண்டும். அந்த ஏரியில் முதலைகள் வாழ்கின்றன, தண்ணீருக்குள் இறங்கக் கூடாது.

போகும் வழி. தாராவி, சயான், மாட்டுங்கா பக்கத்திலிருந்து மத்திய ரயிலில் தாணே போய், அங்கே வாஷி அல்லது பன்வேல் செல்லும் டிரான்ஸ் ஹார்பர் வண்டி மாறி ஐரோலியில் இறங்க வேண்டும். செம்பூர்க்காரர்கள் ஹார்பர் ரயிலில் வாஷி போய் மாறலாம். முலுண்டிலிருந்து பாலம் வழியாகச் சாலையிலேயே வந்துவிடலாம். ஐரோலி நிலையத்திலிருந்து ஆட்டோ. "ஃபிளமிங்கோ சென்டர்" என்று கேளுங்கள். மையம் இருக்கும் பகுதியின் பெயர் திவா என்றாலும் வெறுமனே திவா என்று சொல்லாதீர்கள், அதே பெயரில் தாணேவைத் தாண்டி கல்யாண் வழியில் ஒரு ரயில் சந்திப்பு இருக்கிறது, வரைபடச் செயலியும் சில சமயம் அங்கேதான் இழுக்கும். திங்கட்கிழமை மையத்துக்கு விடுமுறை. சனி ஞாயிறு படகு இருக்கைகள் பருவத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும், வார நாளில் விடுப்பு எடுக்க முடிந்தால் கூட்டமும் குறைவு. பதிந்த நேரத்துக்கு அரை மணி முன்பே வந்துவிடுங்கள். ஓதம் யாருக்காகவும் நிற்காது என்பதால் படகும் நிற்காது, இருவர் தாமதித்தால் படகில் உள்ள எல்லாருக்கும் பறவை தவறிப்போகும்.

கொண்டுபோக வேண்டியவை: முழுக்கைச் சட்டை, கொசுவுக்கு ஒரு களிம்பு, தாடைக்கயிறு உள்ள தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பின்கட்டு உள்ள செருப்பு அல்லது கேன்வாஸ் காலணி. ஈரப்பலகையில் வழுவழு ரப்பர் செருப்பு வழுக்கும். படகில் கழிப்பறை இல்லை, ஏறும் முன் மையத்தில் போய்விடுங்கள். படகில் சாப்பிட வேண்டாம். புளியோதரையும் தயிர்சாதமும் பொட்டலமாகவே வந்து திரும்பட்டும், வெளியே வந்த பிறகு பிரிக்கலாம். உயிர்காப்புச் சட்டையைப் புகைப்படத்துக்காகக் கழற்ற வேண்டாம். பறவை பறப்பதைப் படமெடுக்கக் கைதட்டுவதும் கத்துவதும் இங்கே அடிக்கடி நடக்கிறது, பொறுக்க முடியாத விஷயம் அது. ஒருமுறை எழுந்த கூட்டம் மீண்டும் இறங்குவதற்குள் தண்ணீர் ஏறிவிடும். வடிகட்டிச் சாப்பிட அவற்றுக்குக் கிடைத்த நேரம் போனது போனதுதான்.

உச்ச ஏற்றத்தில் போய் மாட்டிக்கொண்டவர்கள் ஐரோலியிலேயே காத்திருக்க வேண்டாம். டிரான்ஸ் ஹார்பர் ரயிலில் நெரூல் போய், அங்கிருந்து சீவுட்ஸ் பக்கத்து டிபிஎஸ் ஏரிக்கு ஆட்டோவில் போங்கள். கழி நிறையும் நேரத்தில் பூநாரை ஒதுங்கும் இடங்களில் அது ஒன்று, கரையிலிருந்தே பார்க்கலாம், சீட்டு வாங்க வேண்டியதில்லை. ஞாயிறு என்றால் மட்டும் முதல் நாளே மெகா பிளாக் அறிவிப்பைப் பாருங்கள். பராமரிப்புக்காகப் பகல் பொழுதில் ஹார்பர், டிரான்ஸ் ஹார்பர் வண்டிகளை நிறுத்தினால், ஐரோலியிலிருந்து முலுண்டுக்கு பஸ் பிடித்துத் திரும்புவதுதான் வழி.