மாமனார் விட்டுச் சென்ற கைத்தடித் துப்பாக்கி: ரீயூனியனில் அதை வகைப்படுத்திய அனுபவம்

வேறொரு பொருளின் வடிவில் மறைத்துச் செய்யப்பட்ட துப்பாக்கியைப் பிரெஞ்சு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு ஏ1 என்ற தடைசெய்யப்பட்ட வகையின் முதல் இனமாகவே குறிப்பிடுகிறது. பேனாவுக்குள் இருந்தாலும், குடைக்குள் இருந்தாலும், கைத்தடிக்குள் இருந்தாலும் விதி ஒன்றுதான். ஆனால் அதே தொகுப்பு, 1900 ஜனவரி 1-க்கு முற்பட்ட மாதிரியைச் சேர்ந்த பழம் ஆயுதங்களைப் பொதுவாக டி என்ற வகையில் வைத்து, பதினெட்டு வயது நிறைந்தவர்கள் அனுமதியோ பதிவோ இல்லாமல் வைத்திருக்க இடம் கொடுக்கிறது. எங்கள் வீட்டில் கிடைத்த கைத்தடி இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அது எப்படித் தீர்ந்தது என்பதை, இதே நிலையில் இருக்கக்கூடிய, இந்தியப் பெருங்கடலின் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் பிறந்து, திருமணமாகி இங்கே வந்தவள். என் கணவரின் குடும்பம் சேந்த் சூசான் பக்கத்தில் பல தலைமுறைகளாக வாழும் மலபார் குடும்பம்; தென்னிந்திய வம்சாவளியினரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். மாமனாரின் தந்தை கரும்புத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். மாமனார் காலமான பிறகு, நொத்தேரிடம் (சொத்துப் பத்திரங்களைக் கவனிக்கும் சட்ட அலுவலர்) கொடுக்க வேண்டிய சொத்துப் பட்டியலுக்காக வீட்டுச் சாமான்களைக் கணக்கெடுத்தபோது, அலமாரியின் பின்புறம் சார்த்தி வைத்திருந்த கறுப்புக் கைத்தடி அளவுக்கு மீறிக் கனமாக இருந்தது. கைப்பிடி மாட்டுக்கொம்பு, உடல் கறுப்புப் பூச்சுப் பூசிய இரும்புக் குழாய், நுனியில் கழற்றக்கூடிய பித்தளைப் பூண். கொழுந்தனாருக்கு வேட்டைப் பழக்கம் உண்டு என்பதால் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: "அண்ணி, இது தடி இல்லை, துப்பாக்கி. யாரும் கைப்பிடியைத் திருகாதீர்கள்."

பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இத்தகைய கைத்தடித் துப்பாக்கிகள் ஏராளமாக விற்கப்பட்டன. தோட்டத்துக் காவலுக்கும், குருவி சுடுவதற்கும், சில கைகளில் திருட்டு வேட்டைக்கும் பயன்பட்ட, ஒரே ஒரு தோட்டா போடும் எளிய கருவிகள். என் கணவரின் தாத்தாவுக்கு இது எப்படி வந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

தடியை எடுத்துக்கொண்டு ஜாந்தார்மெரிக்கு, அதாவது ஊர்ப்புறக் காவல் பணியைப் பார்க்கும் படையின் நிலையத்துக்கு, போய்விடலாம் என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஏ வகை ஆயுதத்தை அனுமதியின்றி வைத்திருப்பதற்கு ஐந்து ஆண்டுச் சிறையும் 75,000 யூரோ அபராதமும் வரை தண்டனை உண்டு. வழியில் வண்டியை நிறுத்திச் சோதித்தால், ஒப்படைக்கத்தான் கொண்டு போகிறோம் என்பதற்கு எங்கள் வாய்ச்சொல்லைத் தவிர ஆதாரம் இருந்திருக்காது. ஆகவே அறையைப் பூட்டிவிட்டுத் தொலைபேசியில் தகவல் சொன்னோம். வாரிசு வழியில் இத்தகைய ஆயுதம் கைக்கு வந்தால் தாமதமின்றிக் காவல்துறையிடமோ ஜாந்தார்மெரியிடமோ தெரிவித்து, அது கைக்கு வந்ததை அவர்கள் எழுத்தில் பதிவு செய்து ரசீது தர வேண்டும் என்பதுதான் சட்டம். அந்த ரசீதுதான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம். அதன்மேல் இருந்த தேதி, நாங்கள் எதையும் மறைக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக நின்றது.

வந்த அலுவலர் மரியாதையானவர், ஆனால் அவருடைய முடிவு உடனடியானது: மறைக்கப்பட்ட துப்பாக்கி, எனவே ஏ1, எனவே அரசிடம் ஒப்படைத்துவிடுங்கள், இல்லையென்றால் சேன்த் எத்தியேன் நகரிலுள்ள, துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரையிடும் தேசியச் சோதனைக் கூடத்தின் மூலம் செயலிழக்கச் செய்துகொள்ளுங்கள். இரண்டாவது வழியும் நேர்மையான வழிதான். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி செயலிழக்கச் செய்வதென்றால் குழாயும் உட்பாகங்களும் திரும்பச் சரிசெய்ய முடியாதபடி வெட்டிப் பற்றவைக்கப்படும். அதற்குப் பிறகும் அது எந்தக் கட்டுப்பாடுமற்ற பொருளாகிவிடாது. 2018 முதல் பிரான்சில் செயலிழந்த துப்பாக்கிகள் சி வகைக்குள் வந்துவிட்டதால் அறிவிப்புச் செய்தாக வேண்டும். பழம்பொருள் என்ற தகுதி உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்காமல் அதை அறுத்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவசரப்படுத்தாமல், மாதிரியின் காலத்தை நிரூபிக்க முடிந்தால் பிரெபெக்தூருக்கு (அரசின் மாவட்ட நிர்வாக அலுவலகம்) எழுதுங்கள் என்று அவரே வழி சொன்னதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரி ஒருவர் வீட்டுக்கு வந்து தடியைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்பதை உறுதி செய்தார். அப்போதுதான் முத்திரைகள் தெரிந்தன. இந்த வேலையில் மிகவும் சுவையான பகுதி இதுதான். இ, எல், ஜி என்ற மூன்று எழுத்துகள் ஒரு நீள்வட்டத்துக்குள், அதன் மேல் ஒரு கிரீடம்: பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனைக் கூடத்தின் முத்திரை. கிரீடம் அந்த முத்திரையில் சேர்க்கப்பட்டது 1893 ஜூலையில். ஆண்டைக் குறிக்கும் தனி எழுத்தை அதே கூடம் பொறிக்கத் தொடங்கியது 1922-இல். எங்கள் தடியில் அது இல்லை. ஆக, குழாய் சோதிக்கப்பட்டது 1893-க்கும் 1922-க்கும் இடையில். எல்லைக்கோடான 1900 அந்த இடைவெளிக்குள்ளேயே விழுந்தது!

இங்கேதான் சட்டத்தின் வாசகத்தை நிதானமாகப் படிப்பது உதவியது. 2012 மார்ச் மாதச் சட்டத்துக்குப் பிறகு, பழம் ஆயுதம் என்பதற்குப் பிரான்சில் கேட்கப்படுவது அந்தத் தனிப் பொருள் எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதன்று. அதன் மாதிரி 1900-க்கு முற்பட்டதா என்பதே. 1890-களில் வடிவமைக்கப்பட்ட மாதிரியை ஒரு பட்டறை 1908-இல் செய்திருந்தாலும் மாதிரியின் காலம் மாறுவதில்லை. லண்டனில் இருக்கும் என் கணவரின் ஒன்றுவிட்ட சகோதரர், தாத்தாவின் நினைவாகத் தனக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டபோது இந்த வேறுபாடு இன்னும் தெளிவாயிற்று. பிரிட்டனிலும் மறைத்துச் செய்த துப்பாக்கிகள் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவில் தடை செய்யப்பட்டவையே. ஆனால் பழம்பொருள் விலக்குக்காக 2021-இல் வந்த விதிகள் பார்ப்பது 1939 செப்டம்பர் 1-க்கு முன் செய்யப்பட்டதா என்பதையும், தோட்டா வழக்கொழிந்த வகையைச் சேர்ந்ததா என்பதையும். ஒரே தடி, கடல் தாண்டினால் வேறு கேள்வித்தாள். அனுப்பும் பேச்சை அத்துடன் விட்டுவிட்டோம்.

மாதிரியின் காலத்தை நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவருடையது. குடும்பக் கதையோ, துரு பிடித்த தோற்றமோ ஆதாரமாகாது. தாத்தாவின் பழைய புகைப்படம் ஒன்றில் அவர் கையில் ஒரு தடி இருந்தது, அதையும் யாரும் பொருட்படுத்தவில்லை, அது நியாயமும்கூட. பயன்பட்டது பிரான்சிலுள்ள பழம் ஆயுத நிபுணர் ஒருவரின் எழுத்துச் சான்று. முத்திரைகள், திறக்கும் பொறிமுறை, தோட்டா அறை, குழாயின் நீளமும் உள்விட்டமும் ஆகியவற்றை அளவுகோலுடன் எடுத்த படங்களாக அனுப்பினோம். 1900-க்கு முந்தைய லியேஜ் விற்பனைப் பட்டியல் ஒன்றில் இதே பொறிமுறையும் இதே 12 மில்லிமீட்டர் அளவும் கொண்ட தடி இருப்பதைக் காட்டி, அந்தப் பக்கத்தின் நகலையும் இணைத்து அவர் எழுதிக் கொடுத்தார். பிரெபெக்தூரிலிருந்து பதில் வர நெடுநாள் ஆனது. வந்த பதில் சுருக்கமானது: டி வகையாகக் கருதப்படும், பதிவு தேவையில்லை.

டி வகை என்றால் விருப்பம் போல நடந்துகொள்ளலாம் என்று பொருளன்று. தக்க காரணமின்றி அதை வெளியே எடுத்துச் செல்வது குற்றம். ஓர் ஆண்டுச் சிறையும் 15,000 யூரோவும் வரை போகும். ஊன்றி நடக்கச் செய்த தடியை ஊன்றிக்கொண்டு தெருவில் இறங்கக்கூடாது, கோயில் திருவிழாவுக்கும்தான். அலமாரி இழுப்பறையில் கிடைத்த சில பழைய தோட்டாக்களை நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. அவற்றின் வெடிமருந்து என்னவென்று யாராலும் உறுதி சொல்ல முடியாததால் ஜாந்தார்மெரியிடமே விட்டுவிட்டோம்.

நிபுணரிடம் சான்று கேட்பவர்கள், இந்த வகைத் தடிகளைப் பற்றிய பொதுவான குறிப்பாக அது அமைந்துவிடாமல், உங்கள் வீட்டில் இருக்கும் அந்த ஒரு பொருளையே விவரிக்கும்படி கேளுங்கள். எங்கள் தடியில் தொடர் எண் இல்லை. இவற்றுள் பலவற்றில் இருப்பதில்லை. முத்திரைகளின் படமும், அளவுகளும், கொம்புக் கைப்பிடியிலுள்ள விரிசலின் குறிப்பும்தான் அந்தக் காகிதத்தை இந்தத் தடியோடு இணைக்கின்றன. அதன் நகல்களில் ஒன்று நொத்தேரின் கோப்பில் இருக்கிறது, ஒன்று தடியோடு பூட்டிய பெட்டியில் இருக்கிறது, மூன்றாவது கொழுந்தனாரிடம்.