பூஜ்யம் போட்ட இரவுகள்

தவளை எண்ணுகிற வேலைக்குச் சம்பளம் உண்டு என்று சொன்னால் கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் குலசேகரம் பக்கத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். என் அம்மாவே அக்கம்பக்கத்தில் "ஃபாரஸ்ட்டுல வேலை" என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். மூன்று வருடம் ஒரு ஆய்வுத் திட்டத்தில் களப்பணியாளராக இருந்தேன். கீரிப்பாறை, காளிகேசம், பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு என்று காட்டிலும் ரப்பர் தோட்டத்திலும் வாழைத்தோப்பிலும் வயல் வரப்பிலும் ராத்திரி ராத்திரியாக நடந்து, கண்ணில் படுகிற, காதில் விழுகிற தவளை, தேரை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வருவது வேலை.

கேட்க எளிதாக இருக்கும். இருட்டியதும் தொடங்கி ஒரு ஓடைக்கு ஒரு மணி நேரம், இரண்டு பேர், தலையில் லைட். தவளை தெரிந்தால் எங்கே உட்கார்ந்திருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரம், மூக்கு நுனியிலிருந்து பின்முனை வரை எத்தனை மில்லிமீட்டர், காற்றின் ஈரப்பதம் என்ன என்று தாளில் எழுத வேண்டும். வெர்னியர் காலிபரை ஒரு கையிலும் கட்டை விரல் நகம் அளவுள்ள தவளையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு வாயில் பேனாவைக் கவ்வி நிற்கும்போது காலில் அட்டை ஏறுவது தெரியும், ஒன்றும் செய்ய முடியாது. ஒரு ஓடையிலிருந்து இன்னொரு ஓடைக்குப் போகும் முன் பூட்ஸை பிளீச்சிங் கரைசலில் கழுவ வேண்டும், கைட்ரிட் என்கிற பூஞ்சை உலகம் முழுக்கத் தவளைகளைக் கொன்றிருக்கிறது, அதை நம் காலிலேயே சுமந்துபோய் விடக்கூடாது. நடுராத்திரியில் பூட்ஸ் கழுவுகிறவர்களைப் பார்த்து ஜீப் டிரைவர் சிரித்த சிரிப்பு இன்னும் மறக்கவில்லை.

முதல் வருடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். திட்டப் பணம் ஜனவரியில்தான் வந்தது, மார்ச்சுக்குள் கணக்கு முடித்தாக வேண்டும். எந்தத் திட்டம், எந்த அலுவலகம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம், களவேலை செய்த பலரும் இதைப் பார்த்திருப்பார்கள். மழை ஜூனில் வருகிறது, அப்புறம் அக்டோபரில் இன்னொரு மழை. பணம் இரண்டு மழையும் முடிந்து பனி விழும்போது வருகிறது. சரி என்று போனோம். ரப்பர் தோட்டத்தில் காய்ந்த சருகு சரசரவென்று மிதிபடுகிறது, ஒரு சத்தம் இல்லை. பதினோரு இரவு, எல்லாத் தாளிலும் பூஜ்யம். எனக்கு உள்ளூர ஒரு திருப்திகூட இருந்தது, காட்டில் தவளை உண்டு, ரப்பரில் இல்லை, நல்ல தெளிவான முடிவு, அறிக்கை எழுத வசதியாக இருக்கும் என்று.

ஒருநாள் விடிவதற்கு முன்னால் நாலு மணிச் சுற்று. எதிரே ஒரு வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. பால் வெட்டுகிற அக்கா, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், அவர் தலையிலும் எங்களைப் போலவே லைட்.

"என்ன மக்களே, பாம்பு பிடிக்குதியளா?"

"இல்லக்கா, தவளை எத்தனை இருக்குன்னு பாக்கோம்."

அவர் கத்தியை மரத்திலிருந்து எடுக்கவே இல்லை, பால் கோடு இறங்கிச் சிரட்டையில் விழ ஆரம்பித்தது. "பனிக்கு எந்தத் தவக்களை கத்தும்? கன்னிப்பூ நடும்போ வாங்க. காது அடைச்சுப் போவும்."

கன்னிப்பூ என்பது ஜூன் மழையை ஒட்டி நடுகிற நெல். அவ்வளவுதான் சொன்னார். நானும் என்னோடு வந்தவரும் விலங்கியல் படித்தவர்கள், தவளைத் தோல் வழியாக நீர் போகும், ஈரம் இல்லாவிட்டால் அது வெளியே வராது என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். அன்றைக்கு ஜீப்பில் திரும்பும்போது யாரும் பேசவில்லை.

அடுத்த வருடம் ஜூன் முதல் வாரம், மாதச் சம்பளம் வராத நிலையிலேயே, பஸ்ஸில் போனேன். அதே தோட்டம். ஏழு மணிக்கு மழை விட்டது, ஏழேகாலுக்குக் கிளையிலிருந்து ஒரு 'டிக்'. எதிர்மரத்திலிருந்து பதில். பத்து நிமிடத்தில் தோட்டம் முழுக்க யாரோ ஆயிரம் கடிகாரத்தை முடுக்கி விட்டது போல. எல்லாம் புதர்த் தவளைகள். லைட்டை அடித்தால் ஒன்றுகூடத் தெரியாது, அணைத்துவிட்டு நின்றால் தலைக்கு மேல் எட்டு இடத்தில் கேட்கும். இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி வெளியே வரும், அதனால் குளமோ ஓடையோ தேவையில்லை, ஈரமான இலையோ சருகோ போதும். ரப்பரில் இவை தாக்குப்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் காளிகேசத்து ஓடையில் பாறை இடுக்கில் இருந்த ராத்தவளைகளையும், தண்ணீர் இரைச்சலில் குரல் எடுபடாததால் பின்னங்காலை நீட்டி நீட்டிக் காட்டுகிற நடனத் தவளைகளையும் ரப்பர் தோட்டத்து ஓடைகளில் நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஆக, ரப்பரில் பூஜ்யம் என்பதும் பொய், ரப்பரும் காடும் ஒன்றுதான் என்பதும் பொய்.

புதர்த் தவளை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சலசோடெஸ் என்று ஓர் இனம், 1876இல் குந்தர் என்கிற விலங்கியலாளர் விவரித்தது. கிடைத்த இடம் என்று அதற்குப் போட்டிருப்பது 'திருவிதாங்கூர்', அவ்வளவுதான். அந்தக் காலத்துத் திருவிதாங்கூர் என்றால் கோட்டயத்துக்கு வடக்கிலிருந்து நம் அகஸ்தீஸ்வரம் வரை, எந்த மலை என்று தேடுவது? நூறு வருடத்துக்கும் மேல் யாருக்கும் தட்டுப்படாமல் இருந்து, கடைசியில் நமக்குப் பக்கத்து மலையிலேயே, களக்காடு முண்டந்துறைப் பகுதியில் மறுபடி கிடைத்தது. சின்ன மூங்கில் ஒன்றின் கணுவிடையில் இருக்கிற மெல்லிய பிளவு வழியாக உள்ளே நுழைந்து, அங்கேயே முட்டையிட்டு, ஆண் தவளை காவல் இருக்கும். கோதையாறு போகும்போதெல்லாம் மூங்கிலைத் தட்டிப் பார்ப்பேன். கிடைக்கவில்லை. அந்தத் தாளிலும் பூஜ்யம்தான், ஆனால் இந்தத் தடவை "மூங்கில் 40, பிளவு உள்ளவை 3" என்று பக்கத்தில் எழுதி வைத்தேன்.

காலில்லாத இருவாழ்விகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாழைக்குழி வெட்டும்போது மண்வெட்டியில் படும், பாம்பு என்று நினைத்து நறுக்கி எறிந்து விடுவார்கள். பக்கவாட்டில் மஞ்சள் கோடு, உடம்பெல்லாம் வளையம், வழவழப்பு. பாம்பு இல்லை, ஆளை ஒன்றும் செய்யாது. முட்டைகளைச் சுற்றி உடம்பை வளைத்துக்கொண்டு ஈரமண்ணில் கிடக்கிற தாய் ஒன்றை ஒரு தடவை பார்த்தேன், குழி வெட்டிய அண்ணாச்சி அதைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் இரண்டடி தள்ளி வேறு குழி போட்டார்.

வயல்களில் வேறு கதை. மழைக்கு மஞ்சளாக மாறிக் கத்துகிற பெரிய தவளையைச் சாக்கு சாக்காகப் பிடித்துக் காலுக்காக விற்ற காலத்தைப் பற்றி எங்கள் மாமா இன்னும் உற்சாகமாகச் சொல்வார். ஏற்றுமதிக்கு 1987இல் தடை வந்தது. தவளை மிஞ்சியது, வயல் மிஞ்சவில்லை, நாங்கள் எண்ணப் போன வயல்களில் பாதி தென்னையாகவோ பிளாட்டாகவோ ஆகியிருந்தது.

மூன்றாம் வருடம் அந்த அக்காவை மறுபடி பார்த்தேன். மரங்களுக்கு மழைக்காப்பு பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் சொன்ன நேரத்துக்கு வந்தோம், நிறையக் கிடைத்தது என்றேன்.

"அப்ப பனிக்கு வந்து இல்லன்னு எழுதினியளே, அத அழிச்சாச்சா?"

"அழிக்கக் கூடாதுக்கா. எழுதினது எழுதினதுதான்."

"பக்கத்துல மழை இல்லன்னாவது எழுது மக்கா."

அன்று ராத்திரி பழைய பதினோரு தாளையும் எடுத்து, ஓரத்தில் ஒரு கட்டம் இழுத்து, பேச்சிப்பாறை அணையின் மழைப் பதிவைப் பார்த்து, கடைசியாக மழை பெய்து எத்தனை நாள் என்று ஒவ்வொன்றாக நிரப்பினேன். 19, 20, 21. அறிக்கையில் அது பக்கத்துக்கு அடியில் பொடி எழுத்தில் வந்தது.