ஆடித் தள்ளுபடியும் விலைச்சீட்டும்

ஆடியில் கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை. ஜவுளிக்கடைகளுக்கு அது வறண்ட மாதம். தேங்கிய சரக்கைத் தள்ளிவிட்டு, தீபாவளிக் கொள்முதலுக்குப் பணம் புரட்ட வியாபாரிகளுக்குத் தள்ளுபடி கைகொடுக்கிறது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. படுக்கை விரிப்பும் வீட்டுக்கு உடுத்தும் புடவையும் ஆடி வரட்டும் என்று காத்திருந்து வாங்கும் குடும்பங்கள் எத்தனையோ!

கணக்கில் விளையாடும்போதுதான் ஆத்திரம் வருகிறது. ‘50% + 20% தள்ளுபடி’ என்று பலகை வைக்கிறார்கள். மனம் உடனே 70 என்று கூட்டிவிடுகிறது. 1,000 ரூபாய்ப் புடவையில் முதலில் பாதி போனால் மீதி 500. அடுத்த 20% அந்த 500-க்குத்தான். அதாவது 100 ரூபாய். ஆக, நாம் கொடுப்பது 400 ரூபாய். தள்ளுபடி 60% மட்டுமே. ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதும் ஏறக்குறைய 33%தான், அதுவும் மூன்றுமே நமக்குத் தேவைப்பட்டால். ‘70% வரை’ என்ற பலகையில் அந்த ‘வரை’ எறும்பு அளவுக்கு இருக்கும்.

அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்கக் கூடாது என்கிறது சட்டம். ஆனால், துணிக்கு அந்த விலையை எவ்வளவு என்று அச்சிடுவது தயாரிப்பாளர் கையில் இருக்கிறது. அண்மையில் ஒரு கடையில் சட்டையின் விலைச்சீட்டில் 1,499 என்று ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினால் அடியில் 1,199!

கடைக்குக் கிளம்புகிறவர்கள் சதவீதத்தை விட்டுவிட்டுக் கையிலிருந்து போகும் தொகையைப் பாருங்கள். தள்ளுபடித் துணியை மாற்றித் தருவார்களா என்பதைப் பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.